ஊர்ச் சிநேகிதர்கள் சிங்கப்பூர் வந்தால் எங்கே தங்கவைப்பது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து குடும்பத்தோடு நிலைத்துவிட்டவர்களுக்கு ஐம்பது வயதை ஒட்டி ஒரு புதிய பொறுப்பு வந்து சேர்கிறது. கூடப் படித்தவர்களின் பிள்ளைகள் அதற்குள் வேலைக்குப் போயிருப்பார்கள், வீட்டுக் கடன் அடைந்திருக்கும், கையில் கொஞ்சம் ஓய்வும் பணமும் இருக்கும். திருச்சியில் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிவிடலாம் என்பது இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ‘நம்ம செட்டுல ரெண்டு மூணு பேர் குடும்பத்தோட வரலாம்னு இருக்கோம்’ என்று வாட்ஸப்பில் ஒரு வரி வந்தவுடன் ‘வாங்கப்பா’ என்று பதில் போட்டுவிடுகிறோம். அவர்களை எங்கே தங்கவைப்பது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வீட்டில் ஆரம்பிக்கிறது.

நம் முன்னால் உள்ள வழிகள் நான்கு. நம் வீட்டிலேயே தங்கவைக்கலாம். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் விடுதி அறை பிடித்துக் கொடுக்கலாம். இரு தரப்பும் மலேசியாவுக்குப் போய் அங்கே சந்திக்கலாம். இவை எதுவும் வேண்டாம் என்று, நாம் ஊருக்குப் போகும் சமயத்தில் அங்கேயே ஒரு நாள் எல்லோரையும் கூட்டலாம்.

இவற்றைச் செலவையும் இடவசதியையும் மட்டும் வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம். அவை முக்கியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய சிநேகிதர் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது வேறு. உறவினர் வந்தால் அதற்கு முறை இருக்கிறது. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது மொய்ப்பண ஏட்டிலும் வீட்டுப் பெண்களின் நினைவிலும் பதிவாகியிருக்கும். இன்று நாம் செய்வது நாளை ஏதோ ஒரு விசேஷத்தில் திரும்பி வந்துவிடும். சிநேகிதனுக்கு அப்படி ஓர் ஏடு கிடையாது. ஊரில் அவன் நம் வீட்டு முகப்பைத் தாண்டி உள்முற்றமான வளவுக்குள் வந்து, பட்டாலையில் காலை நீட்டி உட்கார்ந்து, நம் ஆத்தாவிடம் நேரடியாகக் காப்பி கேட்டவன். நாமும் அவன் வீட்டில் அதையே செய்தோம். யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்ற எண்ணமே அங்கே எழுந்ததில்லை. வெளிநாட்டில் அந்தச் சமநிலை முதல் நாளே குலைந்துபோகிறது. ரயிலில் ஏறுவதிலிருந்து எந்தக் கடையில் என்ன வாங்குவது என்பது வரை எல்லாவற்றுக்கும் அவன் நம்மைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, அறுபது ரூபாய்க்கு மேல் என்பதால் பைக்குள் கைவிடவும் தயங்குகிறான். தயங்காமல் கைவிட்டாலும் ‘நீ சும்மா இரு’ என்று நாமே தடுத்துவிடுகிறோம். நாலைந்து நாள் கழித்துக் கவனித்தால் அவன் பேச்சில் ஒரு மரியாதை வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மரியாதை வந்துவிட்டால் விருந்தோம்பல் கெட்டுவிட்டது என்றே நான் கொள்வேன். ஆகவே, அவன் நம்மைக் கேட்டு நிற்க வேண்டிய நேரங்கள் எந்த ஏற்பாட்டில் குறைவு, அவன் நமக்கு ஏதாவது செய்வதற்கு எந்த ஏற்பாட்டில் இடம் அதிகம் என்ற இரண்டையும் வைத்துத்தான் கீழே எடைபோட்டிருக்கிறேன்.

முதலில் வீட்டை எடுத்துக்கொள்வோம். நம்மில் பெரும்பாலோர் இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில். இங்கே நாலறை வீடு என்பது கூடத்தையும் சேர்த்த கணக்கு. படுக்கையறை மூன்று, குளியலறை இரண்டு, பரப்பு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். ஊரில் இருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாலறை என்றதும் மனத்தில் வைத்துக்கொள்ளும் அளவு வேறு. ஒரு தம்பதி வந்தால் பிள்ளைகளின் அறை ஒன்றை ஒழித்துக் கொடுக்கலாம். இரண்டு தம்பதி வந்தால் கூடத்தில் பாய் விரிக்க வேண்டும். பாய் விரிப்பதில் நமக்கும் கூச்சமில்லை, அவர்களுக்கும் கூச்சமில்லை. நெருக்கடி குளியலறையில்தான் வரும். ஒன்று நம் படுக்கையறைக்குள் இருப்பதால் அதை அவர்கள் எவ்வளவு சொன்னாலும் பயன்படுத்த மாட்டார்கள். மற்றொன்றின் முன்னால், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் கடைக்குட்டிக்கும் வேலைக்குக் கிளம்பும் நமக்கும் வழிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்பார்கள்.

இதோடு இரண்டரை மணி நேர வித்தியாசமும் சேர்ந்துகொள்கிறது. ஊரில் ஐந்தரைக்கு எழுந்து பழகிய உடம்பு இங்கே எட்டு மணிக்குத்தான் விழிக்கும். அதற்குள் நாம் கதவைச் சாத்திக்கொண்டு போயிருப்போம். இரவு பதினொன்றுக்கு நமக்குக் கண் சொக்கும்போது அவர்களுக்கு எட்டரை மணிதான், பேச்சு அப்போதுதான் சூடுபிடிக்கும். விடுமுறை எடுக்காமல் வீட்டில் விருந்தாளியை வைத்துக்கொண்டால் பகல் முழுவதும் அவர்கள் தனியாகவும், இரவு முழுவதும் நாம் தூக்கமில்லாமலும் கழிப்போம் என்பதை முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சமையலறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் தங்கவைப்பதன் நன்மையும் தீமையும் அங்கேதான் தெளிவாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சிநேகிதனின் மனைவி, நாங்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, பாலைக் காய்ச்சுவதற்காக இண்டக்‌ஷன் அடுப்பின் கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருக்கிறார். திருகுவதற்குக் குமிழ் இல்லை. நெருப்பும் தெரியவில்லை. விரலை வைத்தால் கூவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்துபோகிறது, ஏனென்றால் அவர் அலமாரியிலிருந்து எடுத்து வைத்தது ஊரிலிருந்து நாங்கள் எப்போதோ கொண்டுவந்த அலுமினியப் பாத்திரம். அந்த அடுப்பு இரும்போ அதற்கேற்ற எவர்சில்வரோ இருந்தால்தான் சூடேறும். என் மனைவிக்கு அலுவலகத்தில் தொலைபேசி வந்தது. ‘ஆச்சி, ஒண்ணும் அவசரமில்லை, பாலை அப்படியே குடிச்சுக்கிறோம்.’ ஊரில் எத்தனை பேர் வந்தாலும் சளைக்காமல் பந்தி போடுகிறவர் இங்கே ஒரு டம்ளர் பாலுக்கு அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. மறுநாள் மாலையில் என் மனைவி அவரிடம் அடுப்பை முழுவதுமாக ஒப்படைத்தார். இளங்குழம்பும் கோழி வறுவலும் கடைசியில் கொஞ்சம் வெள்ளைப் பணியாரமும் ஆயிற்று. பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கும் ஒரு தட்டு போயிற்று. அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் உபசரிக்கவில்லை. வீட்டில் தங்கவைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, வந்தவரிடம் சமையலறையை முதல் நாளே கொடுத்துவிட வேண்டும் என்பதுதான்.

சமையல் என்று வந்தவுடன், அவர்கள் பெட்டியில் என்ன வரலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீடை, மணகோலம், மாவுருண்டை, கவுனி அரிசி இவற்றில் சிக்கல் இல்லை. கசகசா கூடாது. நம் ஊர் மசாலாவில் அது சாதாரணச் சாமான். சிங்கப்பூரிலோ போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள், நினைத்தபடி கொண்டுவர முடியாது. வளைகுடா நாடுகளில் இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், ஐக்கிய அரபு அமீரகத்தில் கெடுபிடி இன்னும் அதிகம். உப்புக்கண்டமும் கூடாது, இந்தியாவிலிருந்து இறைச்சி எந்த வடிவத்திலும் கைப்பெட்டியில் வரக் கூடாது. சூயிங்கம் 1992 முதல் தடை. புகைபிடிக்கும் சிநேகிதர் இருந்தால், சிகரெட்டுக்கு இங்கே வரிவிலக்கே கிடையாது என்பதை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும், வெளியார் இரவு தங்குவதைக் கட்டுப்படுத்தும் வரிகள் அதில் பல சமயம் இருக்கும். மற்றபடி வீட்டின் பெரிய நன்மை இரவு நேரப் பேச்சுத்தான். விளக்கை அணைத்துவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு, பழைய வாத்தியார்களில் யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று ஒவ்வொருவராக எடுத்துப் பேசுவதை எந்த விடுதியிலும் விலை கொடுத்து வாங்க முடியாது. நெருக்கமான ஒரே சிநேகிதன், அல்லது ஒரே தம்பதி, நாலைந்து நாளைக்குள் என்றால் வேறு வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வீடுதான். அதற்கு மேல் ஆள் கூடினாலும் நாள் கூடினாலும் குளியலறை வாசலில் நிற்கும் நேரம்தான் கூடும்.

அடுத்தது விடுதி. அதற்கு முன்னால் ஒரு குறுக்கு வழியை அடைத்துவிட வேண்டும். நம் புளோக்கிலேயே காலியாக இருக்கும் ஒரு வீட்டையோ அறையையோ ஒரு வாரத்துக்கு எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். சிங்கப்பூரில் அது சட்டப்படி முடியாது. தனியார் வீடுகளுக்கு வாடகைக் காலம் குறைந்தது மூன்று மாதம், வீவக வீடுகளுக்கு ஆறு மாதம். அதற்குக் குறைவாகக் கொடுப்பது குற்றம். உரிமம் பெற்ற விடுதியும், சமையலறையோடு கூடிய சேவை அடுக்ககங்களும் மட்டுமே நேர்வழி.

விடுதி என்றால் தேக்காவைத்தான் நான் சொல்வேன். கடற்கரைப் பக்கத்து உயர்ந்த விடுதிகளைவிட அறை சிறியதாக இருக்கும், சன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர் தெரியும். ஆனால் சிநேகிதர் காலையில் தாமே எழுந்து, தாமே படியிறங்கி, யாரையும் கேட்காமல் வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, 1947 முதல் சிராங்கூன் சாலையில் நடந்துவரும் கோமள விலாஸில் தோசை சாப்பிட்டுவிட்டு, தமிழில் எழுதிய பலகைகளைப் படித்துக்கொண்டு முஸ்தபா கடை வரை நடந்து திரும்பலாம். எட்டு மணிக்கு எழுந்தாலும் அவரை யாரும் எதிர்பார்த்து நிற்கவில்லை. வெளிநாட்டு வங்கியின் விசா, மாஸ்டர்கார்ட் அட்டை தொட்டுச் செலுத்தும் வகையாக இருந்தால் அதையே ரயில் வாசலில் காட்டிப் போகலாம் என்பதால், இரண்டு நாளில் அவர் நம் துணையில்லாமல் பயணம் செய்யவும் பழகிவிடுவார். ரயிலுக்குள் தின்பதும் குடிப்பதும் 500 வெள்ளி வரை அபராதத்துக்கு உரியது என்பதை மட்டும், கையில் முறுக்குப் பொட்டலத்தோடு வருபவரிடம் நினைவூட்ட வேண்டும். நம் வீடு பொங்கோலிலோ செங்காங்கிலோ இருந்தால் லிட்டில் இந்தியா நிலையத்துக்கு ஒரே ரயில். ஜூரோங்கில் இருப்பவர்கள் ஊட்ரம் பார்க்கிலோ பூகிஸிலோ மாற வேண்டும். அவர்களுக்குத் தினமும் போய்வருவது கொஞ்சம் அலுப்புத்தான்.

செலவில் இரண்டைக் கவனியுங்கள். விளம்பரத்தில் உள்ள அறை வாடகைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், அதன்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும், அந்தக் கூட்டுத் தொகையின்மேல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியும் உண்டு. ஆக, நூறு வெள்ளி என்று போட்டிருந்தால் கட்டுவது ஏறத்தாழ நூற்றிருபது. ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடக்கும் வாரத்தில், அது பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் வரும், அறை விலை எகிறிவிடும். ஊரில் காலாண்டுத் தேர்வு விடுமுறையை ஒட்டிக் கிளம்புகிறவர்கள் தெரியாமல் அதில் மாட்டிக்கொள்வதுண்டு.

இந்த வழியின் உண்மையான சிக்கல் வேறு. அறைக்கு யார் பணம் கட்டுவது? நாம் கட்டினால் சிநேகிதனுக்கு அது பாரம். வீட்டில் படுக்க இடம் கொடுப்பது ஒரு உதவி, ஆயிரக்கணக்கில் பணம் கட்டுவது இன்னொரு உதவி. இரண்டையும் அவன் ஒன்றாக எடுத்துக்கொள்ள மாட்டான். அவன் கட்டினாலோ, ‘சிங்கப்பூரில் சொந்த வீடு வைத்துக்கொண்டு சிநேகிதனை லாட்ஜில் விட்டான்’ என்ற பேச்சு, அவர்கள் விமானம் திரும்புவதற்கு முன்பே காரைக்குடிக் கொப்புடையம்மன் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பேச்சுக்குப் பயந்து அறைவாடகையை நாமே ஏற்றுக்கொள்வதை நான் தவறான முடிவு என்றே கருதுகிறேன். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்னாலேயே, கணவன் மனைவி இருவரும் கூடி முடிவு செய்து, ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும்: ‘அறை உங்கள் பொறுப்பு, இடத்தை நான் பார்த்துப் பிடித்துத் தருகிறேன், சாப்பாடும் சுற்றிக்காட்டுவதும் எங்கள் பொறுப்பு, கடைசி நாள் விருந்து உங்களுடையது.’ கடைசி நாள் விருந்து என்ற அந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஒன்றரை வெள்ளித் தேநீரை நூறு ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்த மனிதர், ஓர் இரவு நம் குடும்பம் முழுவதற்கும் தாமே பணம் கட்டி, பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்போது நாம் குறுக்கே கை நீட்டக் கூடாது.

வீட்டையும் விடுதியையும் கலந்துகொள்வதும் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். வந்து இறங்கும் முதல் இரண்டு இரவு நம் வீடு. பாஷை, ரயில், தண்ணீர், தெரு எல்லாம் அதற்குள் பிடிபட்டுவிடும், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பது உட்பட. பிறகு விடுதி. கிளம்புவதற்கு முந்தைய இரவு மறுபடியும் நம் வீடு, பெட்டி கட்டவும் எடை பார்க்கவும் வசதியாக இருக்கும். ஊர்ப் பேச்சுக்கும் இதில் இடமில்லை.

ஒரு காலத்தில் நம்மவர்களுக்கு இந்தக் குழப்பமே இருந்ததில்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் டேங்க் ரோட்டிலும் இருந்த கிட்டங்கிகளில், ஊரிலிருந்து வந்தவர் தம் பெட்டியை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, பகலில் அதையே கடையாகவும் இரவில் அந்த இடத்தையே படுக்கையாகவும் கொண்டு, பொதுச் சமையலில் சாப்பிட்டு, தம் பங்கைக் கொடுத்துவிட்டு இருந்தார். விருந்தாளி என்று யாரும் அங்கே இல்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகள் நகர மறுசீரமைப்பில் இடிபட்டுப் போயின. அங்கே இப்போது நிற்பவை உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள். 1859இல் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், எழுப்பிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. எந்த ஏற்பாட்டில் வந்தாலும் சிநேகிதர்களை ஒரு மாலை அங்கே அழைத்துப் போகலாம்.

மூன்றாவது வழி மலேசியா. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் முப்பது நாள் வரை அங்கே தங்கலாம், இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. சமையலறையோடு முழு வீட்டையும் சில நாளைக்கு வாடகைக்கு எடுப்பது அங்கே சாதாரணம். என் அளவுகோலின்படி இதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்க வேண்டும்: இரு தரப்பும் ஊருக்குப் புதிது, வழி கேட்க வேண்டுமென்றால் இருவருமே கேட்க வேண்டும், வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வதில் யாருக்கும் மனக்குறை வராது. பினாங்குக்குப் போனால் தண்ணீர்மலைக் கோயில் இருக்கிறது, நகரத்தார் கோயில்வீடு இருக்கிறது, தைப்பூசத்துக்கு வெள்ளித்தேர் இருக்கிறது. தைப்பூச வாரத்தில் அறை கிடைப்பதுதான் பாடு.

இருந்தாலும் இதை நான் இரண்டாம்பட்சமாகத்தான் வைப்பேன். சிநேகிதன் இத்தனை தூரம் வருவது கோபுரங்களைப் பார்ப்பதற்காக மட்டும் இல்லை. நாம் எந்த வீட்டில் இருக்கிறோம், எந்த மேசையில் சாப்பிடுகிறோம், எந்தக் கடையில் காய் வாங்குகிறோம் என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை அவனுக்கு உண்டு. பினாங்கில் அது நடக்காது. நமக்கும் விடுமுறை, பயணச்சீட்டு, வாடகை மூன்றும் சேர்ந்து செலவு கூடிவிடும். இரண்டு மூன்று குடும்பங்கள், ஏற்கெனவே ஒருமுறை சிங்கப்பூர் பார்த்துவிட்டவர்கள் என்றால் இது பொருந்தும்.

நான்காவது வழியைச் சொன்னவுடன் பலர், அது எப்படி வெளிநாட்டுக்காரர் விருந்தோம்பலாகும் என்று கேட்பார்கள். செட்டு முழுவதுமாக, பத்துப் பேருக்கு மேல் கூட வேண்டும் என்றால், அதற்குச் சிங்கப்பூர் இடமில்லை என்பதே என் முடிவு. அத்தனை பேரில் விமானச் சீட்டுக்குக் கணக்குப் பார்க்காதவர் இருவர் மூவர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் ஏதோ காரணம் சொல்லிக் கழன்றுகொள்வார்கள், அந்தக் காரணத்தை நாமும் நம்புவதுபோல் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஊரில் கூட்டினால் யாரும் கழன்றுகொள்ள வேண்டியதில்லை. தங்கவைக்கும் பிரச்சினையே கிடையாது, இரவு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதைவிட முக்கியம், அங்கே வழி தெரியாதவர் நாம்தான். நல்ல கறி எந்தக் கடையில், எந்தச் சமையல்காரர் சொன்ன நேரத்துக்கு வருவார், மோட்டார் ஓடவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் ஓடுவார்கள், நாம் திண்ணையில் உட்கார்ந்திருப்போம்.

ஆனால் வீட்டைப் பொறுத்து இதில் வேலை அதிகம். பூர்வீக வீடு நமக்கு மட்டும் உரியதாக இருப்பது அபூர்வம். பங்காளிகளில் யாரிடம் சாவி இருக்கிறது, யாரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதை இங்கிருந்து கிளம்புமுன் முடித்துக்கொள்ள வேண்டும். சிநேகிதர்களோடு வளவில் இலை போட்டு உட்கார்ந்த பிறகு பங்காளி வாசலில் வந்து நிற்பது யாருக்கும் நல்லதல்ல. வருஷத்தில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் வீட்டில் வௌவால், புறா, ஒட்டடை எல்லாம் இருக்கும். வளவைக் கழுவி, கிணற்றையோ மோட்டாரையோ பார்த்து, கழிப்பறையைச் சரிசெய்ய ஆளுக்கு முன்பணம் கொடுத்து வைக்க வேண்டும். நான் பெண்களின் வசதிக்காகக் கழிப்பறையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆத்தங்குடிக் கல் தரை எத்தனை பளபளப்பாக இருந்தாலும் அது சரியில்லை என்றால் இரண்டு மணிக்குள் கூட்டம் கலைந்துவிடும்.

வீடு இடிந்தோ பாகம் பிரிந்தோ போனவர்களுக்கு மாற்று இருக்கிறது. காரைக்குடியில் ‘பங்களா’, கானாடுகாத்தானில் விசாலம், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்று பழைய வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. பங்களாவில் முன்பே சொல்லி வைத்தால் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும்கூடப் போகலாம். இன்னொருவர் வளவில் காசு கொடுத்து உட்காருவது நம் ஊர்க்காரருக்குச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும். செலவும் நம்முடையதாகவே இருந்துவிடும், அதனால் வீட்டில் நடத்த வழியிருந்தால் வீட்டையே எடுங்கள்.

நாள் குறிப்பதில் டிசம்பர் கடைசியை எதுவும் மிஞ்சாது. சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு ஆண்டு விடுமுறை, ஊரில் மழை ஓய்ந்து குளிர்ந்திருக்கும், டிசம்பரிலோ ஜனவரி தொடக்கத்திலோ பிள்ளையார் நோன்பும் வரும். நோன்பன்றைக்கு மட்டும் கூட்டாதீர்கள், இழை எடுப்பது என்ற அன்றைய சடங்குக்கு அவரவர் வீட்டில் இருக்க வேண்டும். மே மாதத்தில் போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து மாலை நாலு மணிக்கு மேல்தான் எதையும் தொடங்க முடியும். ஊர்ப் பயணத்தின் முதல் இரண்டு நாளுக்குள் இந்தச் சந்திப்பை வைத்துவிடுவது நல்லது; அதற்கு மேல் கல்யாணம், கோயில், பத்திரப் பதிவு என்று ஒவ்வொன்றாக வந்து அந்த நாளை விழுங்கிவிடும்.

சிங்கப்பூர்தான் என்று முடிவாகிவிட்டால் ஒரு செலவைச் சிநேகிதர் தலையில் கட்டாயமாக ஏற்றிவிட வேண்டும்: பயணக் காப்பீடு. வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கும், வெளிநாட்டவருக்கு இங்கே மருத்துவமனையில் மானியம் கிடையாது. இருக்கும் நோயை மறைக்காமல் எழுதி எடுத்த காப்பீடுதான் செல்லும் என்பதையும் சொல்லுங்கள். மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும்.

விசாவை, நாம் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் உள்ளூர்த் தொடர்பாளராக நாமே இணையத்தில் விண்ணப்பித்துக் கொடுக்கலாம். கட்டணம் 30 வெள்ளி, மறுத்தாலும் திரும்ப வராது. திருச்சியில் உள்ள முகவர் வழியாகவும் செய்யலாம், அவர் தம் கூலியைச் சேர்த்துக்கொள்வார். விசா விண்ணப்பத்திலும், வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டிய வருகை அட்டையிலும், சிங்கப்பூரில் தங்கும் முகவரி கேட்பார்கள். வருகை அட்டை இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் அல்ல. வீடா, விடுதியா, இரண்டும் கலந்தா என்ற பேச்சை விசா விண்ணப்பத்தில் முகவரியை எழுதும் நாளுக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். கலந்து தங்குவதாக இருந்தால் முதல் இரவு தங்கும் இடத்தின் முகவரியை எழுதலாம். குடிநுழைவு அதிகாரி கேட்டால் மீதி நாட்களுக்கான விடுதிப் பதிவைக் காட்ட அவர்கள் கையில் ஒரு தாள் இருக்கட்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் கைப்பேசியில் சிம் மாற்றியிருக்க மாட்டார்கள்.